பட்டம் இங்கே, லைசென்ஸ் அங்கே: வாசகர் கேள்வி-பதில்

வெளிநாட்டு வேலை பற்றி வந்த கடிதங்களில் இந்த முறை வடசென்னைக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கேள்விகள் பலவிதம்; குழப்பம் மட்டும் ஒன்று. விசாவுக்காகப் படிப்பை மதிப்பிடுவது வேறு, அந்த வேலையைச் செய்ய லைசென்ஸ் கொடுப்பது வேறு. முன்னது கையில் கிடைத்ததும் பின்னதும் கிடைத்துவிட்டதாக நம்பி விமானம் ஏறிவிடுகிறார்கள்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஆறு வருடமாகத் தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு நர்ஸாக இருக்கிறேன். கணவர் கனடாவில், ஒன்டாரியோவில் பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை). நான்கு மாதத்தில் நானும் போகிறேன். என் டிகிரி கனடா பட்டத்துக்கு இணை என்று, படிப்பை மதிப்பிடும் டபிள்யூ.இ.எஸ். அமைப்பின் ரிப்போர்ட் வந்துவிட்டது. போனதும் நர்ஸாகச் சேரலாமா?
— வாசகி, ராயபுரம்

சேர முடியாது. டபிள்யூ.இ.எஸ். ரிப்போர்ட் குடியேற்றத்துக்கு உதவும், சில கம்பெனிகளுக்குக் காட்டலாம். நர்ஸாக வேலை செய்ய 'காலேஜ் ஆஃப் நர்சஸ் ஆஃப் ஒன்டாரியோ'வில் பதிவு வேண்டும். பெயரில் காலேஜ் இருப்பதால் அங்கே போய்ப் படிக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். அது நம் நர்சிங் கவுன்சில் மாதிரியான அமைப்பு. அங்கே பதிவு இல்லாமல் 'நான் நர்ஸ்' என்று சொல்லிக்கொள்வதே சட்டப்படி தப்பு.

நான்கு மாதம் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பேப்பர் வேலையை இங்கிருந்தே முடியுங்கள். காலேஜ், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில், வேலை பார்த்த மருத்துவமனை என்று நான்கு இடங்களைத் தொட வேண்டியிருக்கும். பதிவுக்காக மதிப்பிடும் அமைப்பு கேட்கும் படிவங்களை அந்த அலுவலகங்களே நிரப்பி நேரடியாக அனுப்ப வேண்டும். சீல் வைத்த கவரை உங்கள் கையில் கொடுத்து, நீங்கள் சரிபார்க்க ஒருமுறை பிரித்துவிட்டால் அது வெறும் காகிதம். பல்கலைக்கழகம் உள்ள கிண்டியிலோ, கவுன்சில் உள்ள சாந்தோமிலோ நேரில் போய் நின்றால் நகரும் ஃபைல், டொரன்டோவிலிருந்து மெயில் போட்டால் நகராது.

டிரான்ஸ்கிரிப்ட் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். மார்க்கோடு நிறுத்திவிடாதீர்கள். மெடிக்கல்-சர்ஜிக்கல், குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், கம்யூனிட்டி என ஒவ்வொன்றிலும் தியரி எத்தனை மணி நேரம், வார்டு போஸ்டிங் எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாக இருப்பது நல்லது. ஒன்டாரியோவில் 2025 ஏப்ரலில் விதி தளரும் முன், இந்த மணிக்கணக்கு இல்லாமல் போன ஃபைல்தான் 'குறைபாடு' என்று திரும்பியது. பெரும்பாலும் மனநலமும் குழந்தை நலமும்தான் மாட்டின.

மருத்துவமனைக் கடிதமும் அப்படித்தான். நம் பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோம்களில் 'இவர் நேர்மையும் உழைப்பும் உள்ளவர், வாழ்த்துகள்' என்று நாலு வரி தருவார்கள். அது பிரயோஜனப்படாது. பதவி ஸ்டாஃப் நர்ஸ், சேர்ந்த தேதி, எந்த வார்டு, எத்தனை படுக்கை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்று வேண்டும். நீங்களே டைப் செய்து கொண்டுபோய் லெட்டர்ஹெட்டில் கையெழுத்து வாங்குவது நல்லது.

ஆங்கிலத் தேர்வில் பலர் பணத்தை விடுகிறார்கள். பி.ஆருக்காக எழுதுவது ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல். நர்சிங் பதிவுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் அகாடமிக் எழுதுங்கள்.

அடுத்தது நர்ஸ் பதிவுக்கான என்க்ளெக்ஸ் தேர்வு. கம்ப்யூட்டரில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். முந்தின பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். இங்கே நன்றாகப் படித்தவர்களும் அதில் தடுமாறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை, வார்டு பழக்கம். நம் வார்டில் நோயாளிக்கு மூச்சு வாங்கினால் முதலில் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவோம். அந்தத் தேர்வில் நர்ஸ் முதலில் என்ன பார்த்தார், என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. தலைப்பக்கத்தை உயர்த்தினாரா, ஆக்சிஜன் அளவைப் பார்த்தாரா? 'டாக்டரிடம் சொல்வேன்' என்ற பதில் பல இடங்களில் மார்க்கைத் தின்றுவிடும். நான்கு நோயாளிகளைக் கொடுத்து யாரை முதலில் பார்ப்பீர்கள் என்று கேட்பதை தினமும் பழகுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் கடை வேலைக்குப் போவதைவிட முதியோர் இல்லத்தில் 'பி.எஸ்.டபிள்யூ.' எனும் பராமரிப்பு வேலைக்கு முயலுங்கள். வார்டில் இன்சார்ஜாக இருந்தவள் டயபர் மாற்றுவதா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அங்குள்ள பேச்சு, சார்ட் எழுதும் விதம், தூக்கும் மெஷின் எல்லாம் அங்கேதான் பழகும். ஆனால் அது நர்ஸ் அனுபவமாகக் கணக்கில் வராது. கடந்த மூன்று வருடத்துக்குள் நர்ஸாக வேலை செய்த ஆதாரத்தை அவர்கள் கேட்பார்கள். அந்த மூன்று வருடம் நீங்கள் இங்கே வேலையை விடும் நாளிலிருந்து ஓடத் தொடங்கும். அது தாண்டிவிட்டால், மருத்துவமனையில் குறைந்தது 140 மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்து ஈடுகட்டும் ஒரு திட்டம் 2022 முதல் இருக்கிறது. அதுவரை இழுக்காமல் இருப்பதே மேல்.

ஐ.டி.ஐ. வெல்டர் நான். பதினோரு வருஷம் மணலி, எண்ணூர் பக்கம் கான்ட்ராக்ட்ல பைப் வெல்டிங். 6ஜி டெஸ்ட் (சாய்வா நிறுத்தின பைப்பை வெல்ட் பண்ற டெஸ்ட்) பாஸ். மனைவிக்கு கனடாவில் வேலை கிடைச்சு, நானும் வொர்க் பர்மிட்ல போறேன். இங்க இருக்கிற சர்டிபிகேட் எதுவும் அங்க செல்லாது, டாக்சி ஓட்டுன்னு சொல்றாங்க. உண்மையா?
— வாசகர், எர்ணாவூர்

சர்டிபிகேட் செல்லாது என்பது உண்மை. டாக்சி ஓட்ட வேண்டும் என்பது உண்மை இல்லை. இந்த இதழில் எழுதியவர்களில் உங்கள் நிலைமைதான் சுலபம், ஏனென்றால் உங்கள் தேர்வை எழுத வேண்டியது கை.

முதலில் எந்த மாகாணம் என்று பாருங்கள். ஆல்பர்ட்டாவில் வெல்டர் கட்டாய லைசென்ஸ் உள்ள தொழில். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஒரு பட்டறை உங்களை வேலைக்கு எடுத்துக்கொண்டால் முதல் நாளே வேலை செய்யலாம். ஆனால் ஸ்ட்ரக்சுரல் வேலை செய்யும் பட்டறைகள் 'சி.டபிள்யூ.பி. டிக்கெட்' (கனடா வெல்டிங் அமைப்பு தரும் சான்று) இருக்கிறதா என்றுதான் கேட்கும். பிளேட்டை ஃபிளாட், ஹாரிசான்டல், வெர்ட்டிக்கல், ஓவர்ஹெட் என நான்கு நிலையில் வெல்ட் செய்து, துண்டு வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். டிக்கெட் இரண்டு வருடம் செல்லும், பிறகு மறுபடி டெஸ்ட். பிரஷர் பைப் வேலைக்கு டெஸ்ட் தனி. 6ஜி பழகிய கை அங்கே கைகொடுக்கும்.

ராடு பெட்டியைப் பார்த்து முதல் நாள் திகைக்காதீர்கள். நீங்கள் 7018 என்று சொல்வது அங்கே 4918 என்று அச்சிடப்பட்டிருக்கும். 6010 என்பது 4310. ராடு அதேதான். நம் 70 என்பது ஆயிரம் பி.எஸ்.ஐ. கணக்கு, அங்கே 49 என்பது பத்து மெகாபாஸ்கல் கணக்கு.

பெண்ட் டெஸ்ட்டில் இங்கிருந்து போகிறவர்கள் விழும் இடங்கள் தெரிந்தவைதான். ராடு தீர்ந்து அடுத்த ராடு பிடிக்கும் இடத்தில், பழைய முனையில் சூடு ஏறும் முன்பே நகர்ந்துவிடுவது ஒன்று. மேலே பார்க்க அழகாக இருக்கும். வளைத்தால் அங்கேதான் வாய் பிளக்கும். 3 மி.மீ.க்கு மேல் திறந்தால் ஃபெயில். இரண்டாவது, ஒரு அடுக்கு வெல்டுக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே ஓரத்தில் ஸ்லாக் (கசடு) தங்குவது. மூன்றாவது ஈரம். எண்ணூர் உப்புக் காற்றில் பாக்கெட்டைப் பிரித்து சட்டைப் பையில் செருகிக்கொண்டே வேலை பார்த்துப் பழகிவிட்டது. 7018 ஓவனிலிருந்து வெளியே வந்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதை அங்கே கண்டிப்பாகப் பார்ப்பார்கள். ஈர ராடு ஹைட்ரஜனை உள்ளே விடும். விரிசல் அன்றைக்கே தெரியாது, மறுநாள் வரும்.

அங்கே பட்டறை வேலையில் பெரும்பகுதி வயர் ஃபீட், அதாவது ராடுக்குப் பதில் சுருளிலிருந்து கம்பி தானாக வரும் வெல்டிங். மிக், ஃபிளக்ஸ் கோர் இரண்டும் கையில் இல்லையென்றால், போவதற்கு முன் அம்பத்தூர் பக்கம் எங்காவது ஒரு மாதம் பழகுங்கள். ஃபில்லட் (மூலை வெல்ட்) அளவு பல பட்டறைகளில் மி.மீ.யில் வராது, கால் அங்குலம், 5/16 என்று வரும். உயரத்தில் கட்டுமான வேலை என்றால் ஒன்டாரியோவில் 'வொர்க்கிங் அட் ஹைட்ஸ்' பயிற்சி கட்டாயம், மூன்று வருடம் செல்லும்.

அடுத்த கட்டம் ரெட் சீல் எனும், கனடா முழுக்க மதிக்கப்படும் தொழில் சான்று. அதற்கு அனுபவ மணி நேரத்தை நிரூபித்து, ஸ்கில்டு டிரேட்ஸ் ஒன்டாரியோவிடம் சமநிலை மதிப்பீடு வாங்கி, எழுத்துத் தேர்வில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். மணி நேரம் உங்களிடம் தாராளமாக இருக்கிறது, நிரூபணம்தான் பிரச்சினை. ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும் ஒவ்வொரு ஷட் டவுனுக்கும் கான்ட்ராக்டர் மாறியிருப்பார், பாதிப் பேர் கம்பெனியையே மூடியிருப்பார்கள். பி.எஃப். தளத்தில் உங்கள் யு.ஏ.என். போட்டு 'சர்வீஸ் ஹிஸ்டரி' எடுங்கள். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று வரும். அதோடு பழைய கேட் பாஸ்கள், ஈ.எஸ்.ஐ. அட்டை, வெல்டர் டெஸ்ட் ரிப்போர்ட் நகல்கள். இருக்கிற கான்ட்ராக்டரிடம் மணி நேரம், செய்த வேலை, குழாய் அளவு, பிராசஸ் எல்லாம் எழுதிய கடிதம் வாங்குங்கள். பாக்கிச் சம்பளத் தகராறு ஏதாவது இருந்தால் கடிதம் வாங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம்.

சான்றிதழில் என் பெயர் 'எஸ். கலைவாணி'. பாஸ்போர்ட்டில் 'கலைவாணி', சர்நேம் காலி. பிரச்சினை வருமா?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

வரும். நம் இனிஷியல் பழக்கத்தை வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளாது. சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.', அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை' என்று விழும். பிறகு பேங்க், டிரைவிங் லைசென்ஸ், கவுன்சில் பதிவு எல்லாவற்றிலும் அதுவே தொடரும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் வரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது.

அப்பா பெயரை விரித்து சர்நேமாகப் போட்டு பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் பிடியுங்கள். 'எஸ்.' என்றால் இன்னார் என்று ஒரு பிரமாணப் பத்திரம் பாரிமுனையில் ஹைகோர்ட் பக்கம் எந்த நோட்டரியிடமும் போடலாம். நாலைந்து ஒரிஜினலாக வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகிக் கணவர் பெயரைச் சேர்ப்பதாக இருந்தால், டிரான்ஸ்கிரிப்ட் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு செய்யுங்கள். ஃபைல் பாதி வழியில் இருக்கும்போது பெயர் மாறினால் இரண்டு ஆளாகிவிடுவீர்கள்.

பி.இ., இ.இ.இ., 2013. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. ஒன்பது வருடம் அம்பத்தூரில் பேனல் போர்டு கம்பெனியில் டிசைன். ஆஸ்திரேலியா, மெல்பர்ன் போகத் திட்டம். இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இருப்பதால் பட்டம் அப்படியே செல்லும் என்கிறார் நண்பர்.
— வாசகர், பெரம்பூர்

பாதி உண்மை. எஞ்சினியரிங் படிப்பை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் அந்த ஒப்பந்தத்தில் இந்தியா 2014-ல்தான் முழு உறுப்பினர் ஆனது. நீங்கள் அதற்கு முந்தைய வருடம். அதோடு, என்.பி.ஏ. எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரத்தில் டயர்-1 என்ற பிரிவில் வந்த படிப்புகளுக்குத்தான் அந்த ஒப்பந்தம் பொருந்தும். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் டயர்-2. எனவே உங்களுக்கு 'சி.டி.ஆர்.' வழிதான்: எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியாவுக்கு மூன்று அனுபவக் கட்டுரைகள், ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 வார்த்தை, கூடவே ஒரு சுருக்கப் பட்டியல், தொடர் பயிற்சி விவரம்.

கட்டுரையில் 'நாங்கள் வடிவமைத்தோம்' என்று எழுதினால் எடுபடாது. '50 கிலோ ஆம்பியர் ஃபால்ட் லெவலுக்கு பஸ்பார் சப்போர்ட்டின் இடைவெளியை நான் கணக்கிட்டேன். முதலில் வைத்த இடைவெளி போதவில்லை, இப்படி மாற்றினேன்' என்று வேண்டும். ரெடிமேடாக விற்கும் கட்டுரைகளை வாங்காதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளில் சிக்கினால் விண்ணப்பம் போவதோடு தடையும் வரும்.

விக்டோரியாவில் எஞ்சினியராகச் சேவை அளிக்க மாநிலப் பதிவு தனியாக உண்டு. இன்னொன்று: இ.இ.இ. பட்டம் இருந்தாலும் காசு வாங்கிக்கொண்டு ஒரு ஸ்விட்ச் மாற்றக்கூட எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் வேண்டும். ஆனால் உங்கள் துறைக்கு ஆஸ்திரேலியா நல்ல தேர்வு. அங்கேயும் 230/400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அம்பத்தூரில் நீங்கள் பார்த்த ஐ.இ.சி. 61439 தரவிதி அங்கே ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 61439. கனடா போயிருந்தால் 60 ஹெர்ட்ஸ், 120 வோல்ட், 600 வோல்ட் என்று புதிதாகப் பழக வேண்டும். ஸ்விட்ச்போர்டு கம்பெனிகளில் எஸ்டிமேட்டர், டிராஃப்ட்ஸ்மேன், டெஸ்டிங் டெக்னீஷியன் பதவிகளுக்கும் விண்ணப்பியுங்கள். 'எஞ்சினியர்' என்ற சொல்லை மட்டும் தேடினால் மாதக்கணக்கில் சும்மா இருப்பீர்கள்.

எம்.எஸ்சி. கணிதம், பி.எட். எட்டு வருடம் மெட்ரிக் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் கணவர். மறுபடி அங்கே பி.எட். படிக்க வேண்டுமா?
— வாசகி, வியாசர்பாடி

தேவைப்படாமலே போகலாம். இங்கிலாந்தில் 'க்யூ.டி.எஸ்.' என்ற ஆசிரியர் தகுதிக்கு 2023 பிப்ரவரி முதல் இந்திய ஆசிரியர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதம், அறிவியல் அல்லது மொழிப்பாடம் நடத்தும் தகுதி, பட்டம், ஆசிரியப் பயிற்சி, குறைந்தது ஒரு வருட அனுபவம் வேண்டும். உங்களிடம் எல்லாம் இருக்கிறது. பள்ளியின் அனுபவக் கடிதத்தில் வகுப்பும் பாடமும் தெளிவாக இருக்கட்டும். தலைமையாசிரியரின் மெயில் முகவரி பள்ளியின் பெயரிலேயே இருந்தால் இன்னும் நல்லது. இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸில் விதி வேறு.

க்யூ.டி.எஸ். வரும் வரையிலும் வெளிநாட்டில் தகுதி பெற்ற ஆசிரியர் அரசுப் பள்ளியில் நான்கு வருடம் வரை பாடம் எடுக்கலாம். டீச்சிங் அசிஸ்டென்ட், கவர் சூப்பர்வைசர் (ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்பவர்) வேலைகளும் உள்ளே நுழைய நல்ல வாசல்.

நேர்காணலில் கணக்கு உங்களைக் கவிழ்க்காது. 'ஒரு பிள்ளை வீட்டில் அடி விழுவதை உங்களிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்வி கவிழ்க்கும். 'பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவேன்' என்று நம் பழக்கத்தில் சொன்னால் போச்சு. ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்காமல், துருவிக் கேட்காமல், பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே கொடுக்க வேண்டும். அதைப் படித்துக்கொண்டு போங்கள்.

ஹைகோர்ட்டில் ஏழு வருட வக்கீல். குடும்பத்தோடு லண்டன். என்ன செய்யலாம்?
— வாசகர், ஏழுகிணறு

அங்கே சொலிசிட்டர் எனும் வக்கீல் ஆக 2021 முதல் 'எஸ்.க்யூ.இ.' தேர்வு. முதல் கட்டம் 360 கொள்குறி வினாக்கள், இரண்டாம் கட்டம் எழுத்தும் வாய்மொழியுமாக 16 பயிற்சிகள். ஏற்கெனவே வக்கீல் என்பதால் இரண்டு வருட வேலை அனுபவ நிபந்தனை உங்களுக்கு இல்லை. படிக்கும் காலத்தில் பாராலீகல் (வக்கீலின் உதவியாளர்) வேலை தேடுங்கள். தெரிந்தவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு விசா பாரம் நிரப்பித் தருவது மட்டும் வேண்டவே வேண்டாம். பதிவில்லாமல் குடியேற்ற ஆலோசனை சொல்வது அங்கே குற்றம். அந்தக் கறை பட்டால் சொலிசிட்டர் கனவும் போகும்.

டிப்ளமோ நர்ஸ். ஜெர்மனி வேலைக்கு ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். மொழி அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாமாம்.
— வாசகி, கொருக்குப்பேட்டை

கொடுக்காதீர்கள். ஜெர்மனியில் நர்ஸாக முழு அங்கீகாரம் பெற பி2 அளவு, அதாவது ஆறு படிகளில் நான்காம் படி ஜெர்மன் வேண்டும். ஒழுங்காகப் படித்தாலே ஒரு வருடம் பிடிக்கும். நுங்கம்பாக்கம் கோத்தே இன்ஸ்டிட்யூட்டில் வகுப்பும் தேர்வும் உண்டு. படிப்பை ஒப்பிட்டு, எது குறைகிறது என்று எழுத்தில் தருவார்கள். அதன்பின் பயிற்சிக் காலமோ, அறிவுத் தேர்வோ முடித்தால்தான் நர்ஸ், அதுவரை உதவியாளர். அங்கே குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் படித்த நர்ஸின் வேலையேதான். இதைத் தெரிந்துகொண்டு போனால் மனம் உடையாது.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். மத்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டு வராதீர்கள். பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.

பி.காம். பதினைந்து வருடம் டேலி, ஜி.எஸ்.டி. வேலை. வயது 41. டொரன்டோவில் 'அக்கவுன்டன்ட்' என்று போட்டால் யாரும் கூப்பிடுவதில்லை.
— வாசகர், திருவொற்றியூர் (இப்போது டொரன்டோ)

ரெசுமேயில் 'புக்கீப்பர்', 'பேரோல்', 'அக்கவுன்ட்ஸ் பேயபிள்' என்று மாற்றுங்கள். குவிக்புக்ஸ் எனும் கணக்கு மென்பொருள் ஒரு மாதத்தில் வரும். ஒன்டாரியோவில் எச்.எஸ்.டி. எனும் விற்பனை வரி 13 சதவீதம், வாங்கியதில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் கணக்கு நம் ஜி.எஸ்.டி. மாதிரிதான். புதிதாகப் படிக்க வேண்டியது சம்பளப் பிடித்தங்கள். ஊழியர்களின் ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் டி4 படிவம் பிப்ரவரி கடைசிக்குள் போக வேண்டும் என்பதால் ஜனவரியில் சின்ன அலுவலகங்களுக்கு ஆள் பற்றாக்குறை. நவம்பரிலேயே விண்ணப்பம் போடுங்கள்.